பிறந்தநாளுக்கு மேதக் வரை



பிழைப்பைத் தேடி ஐதராபாத்துக்கு வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களிலும், விடுதி அறைகளில் தங்கி வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குள்ளும், ஆண்டில் ஒரு நாள் மட்டும் ஊர் நினைவு அதிகமாய் வந்து வாட்டும். அது பிறந்தநாள். ஊரில் இருந்திருந்தால் அம்மா அதிகாலையில் எழுப்பிப் புத்தாடை கொடுத்திருப்பார். அத்தையும் சித்தியும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். இங்கோ காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு, அலுவலகத்தில் அவசரமாய் வெட்டப்படும் ஒரு கேக், இரவில் மீண்டும் அதே அறை. அந்த நாளை நெருங்கிய நண்பர்களோடு, வார இறுதியின் இரண்டு நாட்களில், மனம் நிறையும் ஒரு பயணமாக மாற்றிக்கொள்ள முடியும். அதற்கேற்ற ஓர் ஊர் இந்நகரத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதுதான் மேதக்.

ஆண்டுக்கு ஒரு முடிச்சு

ஐதராபாத்தின் பழைய நகரத்தில் பிறந்தநாளைச் ‘சால்கிரா’ என்று சொல்வார்கள். பாரசீக மொழியில் ‘சால்’ என்றால் ஆண்டு. ‘கிரா’ என்றால் முடிச்சு. பிள்ளைக்கென்று ஒரு கயிற்றை எடுத்து வைத்து, ஆண்டு நிறைவுதோறும் அதில் ஒரு முடிச்சுப் போடும் வழக்கம் முகலாய அரண்மனைகளில் இருந்தது. முடிச்சுகளை எண்ணினால் வயது தெரிந்துவிடும். 1591-ஆம் ஆண்டில் இந்நகரத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா ஒரு கவிஞருமாவார். தக்கனி மொழியில் அவர் எழுதிய கவிதைகளில் பிறந்தநாளைப் பற்றியவையும் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த முடிச்சைக் குழந்தை தானே போட்டுக்கொள்வதில்லை. பெற்றோரும் உற்றாருமே போடுகிறார்கள். உறவினர் அருகில் இல்லாத ஊரில் அதைப் போடவேண்டிய கைகள் நண்பர்களுடையவை. ஆகவே, நண்பர்களோடு பிறந்தநாளைக் கழிப்பதை வீண் ஆடம்பரம் என்று எண்ணவேண்டியதில்லை. தூர தேசத்தில் வாழ்பவருக்கு அது ஒரு தேவையே.

கொண்டாடலாமா?

நம் சபைகளில் சிலர் பிறந்தநாள் கொண்டாட்டத்தை விரும்புவதில்லை. அதற்கு அவர்கள் காட்டும் காரணமும் புறக்கணிக்கத்தக்கது அல்ல. வேதாகமத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படும் பிறந்தநாள் விருந்துகள் பார்வோனுடையதும் ஏரோதுடையதுமே. முதல் விருந்தின்போது சுயம்பாகிகளின் தலைவன் தூக்கிலிடப்பட்டான். இரண்டாவதில் யோவான் ஸ்நானனின் தலை தாலத்தில் கொண்டுவரப்பட்டது. இரண்டிலும் ஒருவனுடைய மகிழ்ச்சிக்காகக் கூடிய பந்தியில் இன்னொருவனுடைய உயிர் பறிக்கப்பட்டது.

எனினும், பிறந்த நாள் என்பதற்காக அந்தத் தீமை நேரிடவில்லை. தன்னை மட்டுமே உயர்த்திக்கொண்ட விருந்தின் விளைவு அது. அப்படியானால், பிறருக்கு உயிர் கொடுக்கும் விருந்து எப்படியிருக்கும்? அதற்கு விடை காணவே உங்களை மேதக்குக்கு அழைக்கிறேன்.

சிக்கந்தராபாத்திலிருந்து மேதக்குக்கு

மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-ல் பெயர் பெற்ற பாளைய நகரமே சிக்கந்தராபாத். சென்னை இராணுவத்தைத் தொடர்ந்து தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். 1895-ல் இதே சிக்கந்தராபாத்துக்கு வந்தவர் சார்லஸ் வாக்கர் போஸ்னெட் என்னும் மெதடிஸ்டு மிஷனெரி. திருமலகிரியில் ஆங்கிலேயப் படைவீரர்களிடையே ஊழியம் செய்த அவர், கிராமங்களுக்குச் செல்ல விரும்பி, குதிரையில் ஏறி மேதக்குக்குப் போனார். அன்று அது நெடிய பயணம். இன்று ஜூபிலி பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறினால் காலைப் பொழுதிலேயே போய்ச் சேரலாம். 2022-ல் மேதக்குக்கு இரயில் பாதையும் வந்தது.

தெலுங்கில் ‘மெதுகு’ என்றால் சோற்றுப் பருக்கை. அச்சொல்லிலிருந்தே ஊரின் பெயர் வந்தது என்பர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழையுங்கள்.

பஞ்சத்தில் எழுந்த ஆலயம்

முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இப்பகுதியைப் பஞ்சம் வாட்டியது. மக்களுக்குச் சோறு வேண்டும். ஆனால் அதை இரந்து பெறும் நிலைக்கு அவர்களைத் தள்ளிவிடவும் கூடாது. போஸ்னெட் ஆலயம் கட்டும் பணியைத் தொடங்கி, கிராமத்தாருக்கு அதில் வேலை கொடுத்து, உணவளித்தார். கல் உடைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் தங்கள் உழைப்பினாலே பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நடந்த அப்பணி நிறைவுபெற்று, 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நம் இரட்சகரின் பிறப்பைக் கொண்டாடும் நாளே இவ்வாலயத்தின் பிறந்தநாளுமாயிற்று. 2024-ல் அது தன் நூற்றாண்டை நிறைவு செய்தது.

ஆலயத்தின் நீளம் 200 அடி, அகலம் 100 அடி, கோபுரத்தின் உயரம் 175 அடி. சுமார் 5,000 பேர் ஒரே நேரத்தில் அமரலாம். சாம்பல் நிறக் கல்லால் ஆன அக்கோபுரத்தைப் பார்க்கும்போது, அதன் ஒவ்வொரு கல்லும் எந்தக் குடும்பத்துக்கோ ஒரு வேளைச் சோறாயிருந்தது என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். பசித்தவரைப் பிழைக்கவைத்துக் கட்டிய மாளிகைகள் உலகில் அதிகமில்லை.

நிறங்கள் ஒளிரும் நேரம்

உள்ளே மூன்று பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் உள்ளன. இயேசுவின் பிறப்பு, சிலுவை மரணம், பரமேறுதல் ஆகிய காட்சிகளை இலண்டன் ஓவியர் பிராங்க் சாலிஸ்பரி அவற்றில் தீட்டினார். வெளிச்சம் வெளியிலிருந்து வந்தால் மட்டுமே இந்தக் கண்ணாடிகள் நிறம் காட்டும். இருள் சூழ்ந்தபின் ஒன்றும் தெரியாது. பிறப்பைக் காட்டும் சாளரம் மேற்கில் இருக்கிறது. ஆகையால் பிற்பகலில் போய் அமருங்கள். சூரியன் மேற்கே சாயச் சாய, முன்னணையின் காட்சி மெல்ல ஒளிரும். பிறந்தநாள் காண்பவருக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. அங்கே கைபேசியை எடுக்காமல் சற்று நேரம் அமைதியாயிருந்து, கடந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையை விட்டுவிட வேண்டியதில்லை. இங்கேயே தெலுங்கு ஆராதனையில் கலந்துகொள்ளலாம். பின்பு காகதீயர் காலத்து மேதக் கோட்டையில் ஏறிப் பார்க்கலாம். பிள்ளைகள் உடன் வந்தால் போச்சாரம் ஏரிக்கும் வனவிலங்குச் சரணாலயத்துக்கும் சென்றுவிட்டு, மாலையில் நகரம் திரும்பலாம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே இப்பயணத்துக்கு ஏற்றவை. சித்திரை வெயிலில் பாறையேறுவது முதியவர்களுக்கு ஆகாது.

செலவும் சிந்தனையும்

நான்கைந்து பேர் சேர்ந்தால் வண்டிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். தங்குமிடத்தை முன்னதாகவே பதிவு செய்யுங்கள். கேக்கை முகத்தில் பூசி வீணாக்குவதைத் தவிர்த்து, இந்நகரத்துக்கே உரிய குபானி கா மீட்டா என்னும் பாதாமி இனிப்பையும், வழிக்கு உஸ்மானியா பிஸ்கட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். புளியோதரை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகலாம். கடன் அட்டையில் வாங்கிக் கொண்டாடும் பிறந்தநாள், அடுத்த பிறந்தநாள் வரை வட்டியாய்த் தொடரும்.

இன்னும் ஒரு காரியம். உங்கள் அலுவலகத்திலோ, விடுதியிலோ, சபையின் கடைசி இருக்கையிலோ, இவ்வூருக்குப் புதிதாய் வந்து யாரையும் அறியாத ஒருவர் இருப்பார். அவருடைய பிறந்தநாள் எது என்று கேட்டிருக்கிறீர்களா? நெருங்கிய நண்பர்களின் வண்டியில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். அவருடைய நாள் வரும்போது நீங்களே முன்நின்று ஏற்பாடு செய்யுங்கள். சோற்றுப் பருக்கையின் பெயர் தாங்கிய ஊரில், பசித்தவர்களின் கைகளால் எழுந்த ஆலயம் நமக்குக் கற்றுத்தருவது இதுவே: தனக்கென்று மட்டும் போடும் பந்தி அன்றோடு முடிந்துவிடும், பிறருக்கு இடம் விட்ட பந்தி நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நினைக்கப்படும்.