மூணரை வட்டி

யாராவது கடன் வாங்கினதா சொன்னா எங்கப்பா கேக்குற முதல் கேள்வி, "எத்தன வட்டி?" என்பதுதான். வருசத்துக்கு இத்தனை சதவீதம் என்கிற கணக்கெல்லாம் அவருக்கு ஆகாது. நூறு ரூபாய்க்கு மாசம் எத்தனை ரூபாய்? அவ்வளவுதான். ஒத்த வட்டின்னா "பரவால்ல". ரெண்டு வட்டின்னா "சீக்கிரம் அடைச்சிரு". மூணுக்கு மேல போச்சுன்னா பதிலே வராது, முகத்தைத் திருப்பிக்குவார்.

அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்க முழுசா ஒரு வருசம் ஆச்சு. அந்தக் கதைதான் இது. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா இதே சுழல்ல இருக்குற யாராவது ஒருத்தருக்கு உதவினா சரின்னு எழுதறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழை எங்க தூத்துக்குடிக்காரங்க யாருக்கும் மறக்காது. பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல ஏறத்தாழ 95 செ.மீ. கோரம்பள்ளம் குளம் வேற உடைஞ்சிடுச்சு. முத்தம்மாள் காலனில எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அது வடியறதுக்குள்ள ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பையனோட லேப்டாப், என் வண்டி எல்லாம் போச்சு. அரசு நிவாரணம் ஆறாயிரம் வந்துச்சு. மிச்சத்துக்கு? பர்ஸ்ல கார்டு இருந்துச்சு. ஒவ்வொண்ணா தேய்ச்சேன். மொத்தம் 1,33,000 ரூபாய்.

வீட்ல கேட்டப்போ "ஆபீஸ்ல அட்வான்ஸ் குடுத்தாங்க"ன்னு சொல்லிட்டேன். ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சில வேலை பாக்கறேன், அதனால நம்பற மாதிரிதான் இருந்துச்சு. ஏன் பொய் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் சரியா தெரியல. தண்ணில வீட்டையே தொலைச்ச மாதிரி உக்காந்திருந்தவகிட்ட இதையும் ஏன் சொல்லணும்னு தோணிருக்கலாம். அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அந்த அப்புறம் வரவே இல்ல.

மாசா மாசம் 'மினிமம் டியூ'ன்னு ஒரு தொகை வரும். என் கார்டுல மொத்த பாக்கியில 5 சதவீதம். ஆறாயிரத்துச் சொச்சம். அதைத் தேதி தவறாம கட்டிருவேன். கட்டி முடிச்சதும் "இந்த மாசம் தப்பிச்சோம்"னு ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதுதான் மக்களே பெரிய ஏமாத்து.

ஒரு வருசம் இப்படியே ஓடிருச்சு. 2024 டிசம்பர் கடைசில ஒரு செய்தி. கிரெடிட் கார்டுக்கு வருசம் 30 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கறது நியாயமில்லாத வணிகம்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல சொல்லியிருந்துச்சு. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 20 அன்னைக்கு ரத்து பண்ணிருச்சு. டீக்கடையில ஒருத்தர் இதைச் சொல்லிட்டு இருந்தார். 30-க்கே கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்கன்னா, அப்போ நம்ம கார்டுல எவ்வளவு? அன்னைக்குத்தான் ஸ்டேட்மென்ட்டை முதல் தடவையா கடைசி வரி வரைக்கும் படிச்சேன்.

மாசம் 3.5 சதவீதம். அப்பா பாஷைல மூணரை வட்டி. அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ரெண்டையும் சேர்த்தா நாலு வட்டியைத் தாண்டுது! கந்துவட்டிக்குத் தடைன்னு 2003-லயே சட்டம் போட்ட தமிழ்நாட்டுல, நான் ஏசி பேங்க்ல கையெழுத்துப் போட்டு நாலு வட்டிக்கு வாங்கிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி பையனோட கணக்கு நோட்டுல உக்காந்து போட்டேன். பன்னெண்டு மாசத்துல நான் கட்டினது கிட்டத்தட்ட 76 ஆயிரம். கடன் 1,33,000-ல இருந்து 1,20,000-க்கு வந்திருக்கு. அதாவது 76 ஆயிரம் கட்டி 13 ஆயிரம் குறைஞ்சிருக்கு. 1,20,000-க்கு ஒரு மாச வட்டி 4,200, ஜிஎஸ்டி 756, ஆக 4,956. நான் கட்டற ஆறாயிரத்துல அசலுக்குப் போறது வெறும் 1,044 ரூபாய். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும், அதனால இன்னும் மோசம். இப்படியே கட்டிட்டு இருந்தா 1,20,000 பாதியாகவே ஆறரை வருசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள நான் கட்டியிருக்கப் போறது சுமார் 3,45,000!

மினிமம் தொகையால கடன் மேல மேல ஏறக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-ல விதி போட்டிருக்கு. ஏறக்கூடாது, அவ்வளவுதான். சீக்கிரம் இறங்கணும்னு விதி இல்ல. மினிமம் மட்டும் கட்டினா வருசக்கணக்குல இழுக்கும்னு எச்சரிக்கையும் ஸ்டேட்மென்ட்லயே போடணும். என்னுதுலயும் இருந்துச்சு, பொடி எழுத்துல. படிக்காதது என் தப்பு.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் தெரேஸ்புரம் கரையில மச்சானைப் பார்த்தேன். என் வீட்டம்மாவோட அண்ணன், நாட்டுப்படகு வச்சிருக்கார். யார்கிட்டயாவது கொட்டினாத்தான் ஆச்சுங்கற நிலைமை, சொல்லிட்டேன். பேசாம கேட்டுட்டு இருந்தவர், "மாப்ள, நான் வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கிருக்கேன். அவன் வட்டின்னு ஒரு பைசா வாங்கல. ஆனா மீனை அவனுக்குத்தான் போடணும், அவன் சொல்லுற விலைக்கு. அதுக்கே என்னைப் பாத்து பாவம்பீய. நாலு வட்டி கட்டுற நீங்க யாரு?" ன்னார்.

பதில் இல்ல. நெசந்தான். அட்வான்ஸ் வாங்கிட்டுக் கடைசி வரைக்கும் மீள முடியாத கடற்கரை ஆளுகளைப் பார்த்து, படிச்ச திமிர்ல பல தடவை உச்சு கொட்டியிருக்கேன்.

எங்க பக்கம் ஒண்ணு சொல்வாங்க. முத்துக்குளிக்க இறங்கறவன், மேல கயிறு பிடிக்கப் பொண்டாட்டி கூடப்பிறந்தவனைத்தான் நிறுத்துவானாம். தங்கச்சி தாலி அந்தக் கயித்துல இருக்குங்கறதால கண்ணசர மாட்டான். 1961-க்கு அப்புறம் எங்க கடல்ல முத்துக்குளிப்பே நடக்கல, ஆனா பேச்சு மட்டும் இருக்கு. மச்சான் அதைத்தான் எடுத்தார். "கயித்த ஆட்டுனாத்தான மாப்ள மேல நிக்கவனுக்குத் தெரியும். ஒரு வருசமா மூச்ச அடக்கிக்கிட்டு உள்ளேயே கெடந்தா எப்படி? எங்கிட்ட சொல்லி என்ன, மொதல்ல எந்தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

அன்னைக்கு ராத்திரி சொன்னேன். திட்டுவான்னு எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டா, "எத்தன வட்டி?"

சொன்னேன்.

"நாலு வட்டிக்குக் கடனை வச்சிக்கிட்டு, நாலு பவுனைக் கழுத்துல போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கேன். மொத நாளே சொல்லிருந்தா மொத நாளே கழட்டிக் குடுத்திருப்பேன்லா?" அவளுக்குப் பணம் போனது கூடப் பெருசில்ல. ஆபீஸ் அட்வான்ஸ்னு சொன்னேன் பாருங்க, அது. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் சங்கிலியைக் கழட்டி ஒரு மஞ்சப்பையில போட்டுத் தந்தா.

ஜனவரியில நகைக்கடன் வச்சு 1,20,000-ஐயும் ஒரே அடியா கட்டினேன். நகைக்கடன் வட்டி வருசத்துக்கு ஒன்பதரை சதவீதம். அப்பா கணக்குல எண்பது பைசா வட்டி. அதே ஆறாயிரத்தை மாசாமாசம் கட்டினா 22 மாசத்துல முடியும், மொத்தம் 1,31,000 சொச்சம். கார்டுலயே விட்டு, மினிமம் குறைஞ்சாலும் விடாம ஆறாயிரமே கட்டியிருந்தாக் கூட 43 மாசத்துக்கு மேல, சுமார் 2,59,000 ஆகியிருக்கும். என் சம்பளம் ஒரு ரூபாய் கூடல. கடன் இருக்குற இடம் மட்டுந்தான் மாறுச்சு.

நகை இல்லாதவங்க என்ன பண்றது? பாக்கியை இஎம்ஐ-ஆ மாத்தித் தரச் சொல்லி பேங்க்ல கேக்கலாம், வட்டி பெரும்பாலும் குறையும். அதுவும் முடியலன்னா மினிமத்துக்கு மேல எவ்வளவு முடியுமோ கட்டணும். மேல கட்டற ஒவ்வொரு ரூபாயும் நேரா அசல்ல கழியும். முக்கியமா அந்தக் கார்டைத் தொடக்கூடாது. பழைய பாக்கி நிக்கும்போது புதுசா வாங்கற பொருளுக்கு வட்டியில்லாத நாள் கிடையாது, தேய்ச்ச அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிரும்.

நகையை வச்சு கார்டைக் காலி பண்றதுல ஒரு ஆபத்தும் இருக்கு. காலியான கார்டு நம்மளப் பார்த்து சிரிக்கும். மறுபடி தேய்ச்சா கடனும் இருக்கும், நகையும் போயிருக்கும். அதனால கையோட கார்டை மூடச் சொல்லி எழுதிக் குடுத்தேன். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள்ள மூடலைன்னா, தாமதமாகுற ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் பேங்க் நமக்குத் தரணும்னு 2022 விதிகள்ல இருக்கு. ஆறாவது நாளே மூடிட்டாங்க. (ஒரு ஐந்நூறாவது தேறும்னு பார்த்தேன், போச்சு :-))

சங்கிலி இன்னும் பேங்க்லதான் இருக்கு. பாதியைத் தாண்டியாச்சு. நகைக்கடன் ரசீது எங்க வீட்டு அடுப்படில காலண்டர் ஆணில தொங்குது. மாசாமாசம் கட்டின தொகையைப் பின்னாடி எழுதறது அவதான். நான் எழுதறதில்ல, விடறதும் இல்ல.

அப்பாகிட்ட இன்னும் சொல்லல. "எத்தன வட்டி?"ன்னு கேப்பார். பதில் சொல்லித்தானே ஆகணும்.