முன் சக்கரம்

என் மகன் பிழைப்பை நாடிக் கடல் கடந்து சென்று நான்கு ஆண்டுகளாகின்றன. அவன் விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிளே இன்று வள்ளியூரில் எங்கள் இல்லத்திற்குக் கால். மதரஸாவுக்குப் போவதும், கடைத்தெருவுக்குப் போவதும், ஏர்வாடி உறவினர்களின் நல்லது கெட்டதுகளுக்குப் போவதும் அதிலேதான். ஏறி அமர்ந்து செலுத்தத் தெரியுமேயன்றி, அதன் உறுப்புகளைப் பற்றி நான் எண்ணிப் பார்த்தவனல்லன்.

சென்ற ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதரஸா விடுமுறை. மறுநாள் காலை ஏர்வாடியில் ஒரு நிக்காஹ். மனைவியைப் பின்னே அமர்த்திக்கொண்டு செல்வதாக ஏற்பாடு. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முன் டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்பும், அதனுள்ளே வெண்ணிற நூலும் கண்ணில் பட்டன. டயரின் வலிமை ரப்பரில் இருப்பதாகவே நம்மில் பலர் கருதுகிறோம். ரப்பர் அதன் ஆடை. உடல் என்பது உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் படிந்திருக்கும் நைலான் நூல். நூல் வெளியே தெரிந்த டயர் எந்த நொடியும் வெடிக்கக்கூடும். பின் டயர் வெடித்தால் வண்டி ஆடும், சமாளித்துக்கொள்ளலாம். முன் டயர் வெடித்தால் கைப்பிடியே நம் வசத்தில் இராது. அதிலும் ஆடி மாதம்! ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே பாய்ந்து வரும் மேல்காற்று, பணகுடிக் காற்றாலைகளுக்கு உணவு. இருசக்கர வண்டிக்காரனுக்குப் பகை.

நெடுஞ்சாலையோரம் டயர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். “வண்டியை ஓட்டிட்டு வந்துராதீங்க ஹஜ்ரத், நானே ஆள் அனுப்புறேன்” என்றார். ஏனோ அன்றைக்கு எனக்கு ஒரு வீறாப்பு. “வேண்டாம். எப்படிக் கழற்றுவதென்று சொல்லுங்கள், நானே கழற்றி ஆட்டோவில் கொண்டு வருகிறேன்” என்றேன். அவர் சொல்லச் சொல்ல, பாடம் எழுதும் பிள்ளையைப் போல் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே அச்சின் நட்டைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முறுக்கினால் வண்டி சாயும். பின்னர் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சைலன்சர் குழாயின் மேல் பாரம் விழாதபடி இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்தேன். முன் சக்கரம் நிலத்தை விட்டு எழுந்தது. வேகமானியின் கேபிளைப் பிரித்தேன். பிரேக் கம்பியின் முனையிலுள்ள நட்டைக் கழற்றி, அதன் ஸ்பிரிங்கையும் சிறு உருளையையும் பத்திரப்படுத்தினேன். அச்சைச் சுத்தியலால் நேரே அடித்தால் மரை கெட்டுவிடும் என்பது மாணவரின் எச்சரிக்கை. மரக்கட்டையை வைத்துத் தட்டியதும் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சக்கரம் என் மடியில் விழுந்தது. கழற்றியவற்றையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே ஒரு செய்தித்தாளின் மேல் அடுக்கினேன்.

மடியில் சக்கரம் கிடந்தபோது என் வாப்பாவின் மாட்டுவண்டி நினைவுக்கு வந்தது. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்று அதன் உறுப்புகளுக்கெல்லாம் தமிழிலே பெயருண்டு. வட்டைக்கு மேல் இரும்புப் பட்டை கட்டும் நாள் எங்களுக்கு விழா. வறட்டியை அடுக்கித் தீ மூட்டி, பட்டை சிவக்கக் காய்ந்ததும், நான்கு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீரைக் கொட்டுவார்கள். சுருங்கும் இரும்பு மரத்தை இறுக்கிக்கொள்ளும். அந்த இரும்பின் இடத்தில் காற்றை அடைத்தவர், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டுமென்று செய்து பார்த்து, 1888இல் காப்புரிமை பெற்றார். இராபர்ட் தாம்சன் என்பவர் அதே எண்ணத்திற்கு 1840களிலேயே உரிமை பெற்றிருந்தது பின்னர் தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமற் போயிற்று. உரிமை போனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

கடையில் என் மாணவர் வேலை செய்வதை முதன்முறையாக அருகிருந்து கண்டேன். வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முற்றும் போக்கினார். டயரின் விளிம்பை ஒருபுறம் மிதித்து ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கி, மறுபுறத்தை இரண்டு லிவர்களால் நெம்பினார், பலமே தேவைப்படவில்லை. கம்பி முனைகள் ட்யூபைக் குத்தாமற் காக்கும் ரப்பர்ப் பட்டியைத் தடவிப் பார்த்தார். புது டயரின் பக்கத்திலிருந்த நான்கு இலக்கங்களைக் காட்டி, முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு என்றார். சுழலும் திசையைச் சுட்டும் அம்புக்குறியைப் பார்த்த பிறகே சோப்பு நீர் தடவி ஏற்றினார். 25 பவுண்டு காற்று.

“ரப்பர் குலசேகரத்துத் தோட்டங்களில் வெள்ளையாகத்தானே வடிகிறது, டயர் மட்டும் ஏன் கறுப்பு?” என்று கேட்டேன். “கரி கலக்குறாங்க ஹஜ்ரத். கரி இல்லேன்னா சீக்கிரம் தேஞ்சுரும்” என்றார். நம் முன்னோர் அரபுத்தமிழ் ஏடுகளை எழுதியதும் விளக்குக் கரியில் செய்த மையால்தான் என்ற எண்ணம் எனக்குள் ஓடிற்று.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயதில் என்னிடம் ஸர்ஃப் ஓதியவர். ‘கவல’ என்பது ‘கால’ ஆவதைச் சொல்லிக்கொடுத்த அன்று, “அந்த வாவு எங்கே போச்சு, ஹஜ்ரத்?” என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். குறும்பென்று கருதி அவரை வெளியே நிறுத்தினேன். ஓரிரு மாதங்களில் அவருடைய தந்தையை அழைத்து, ‘இவனுக்கு ஓத வராது, ஏதேனும் தொழிலில் விடுங்கள்’ என்று கூறியதும் நான்தான்.

சக்கரத்தை வீட்டிற்குக் கொண்டுவந்தபோது அஸர் முடிந்திருந்தது. மஃரிபு பாங்குக்கு முன் மாட்டிவிட வேண்டுமென்ற முனைப்பு. அரபியில் ‘அஜலா’ என்றால் சக்கரம். ‘அஜலா’ என்றால் அவசரமும்தான். மூலம் ஒன்றே. முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அச்சு ஏறச் சற்று முரண்டியது, தட்டி ஏற்றினேன். நட்டை இறுக்கினேன், கம்பியை மாட்டினேன். சக்கரம் சுழன்றது. செய்தித்தாளில் ஒரு பொருளும் மிஞ்சவில்லை. மனைவியை அழைத்துக் காட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இஷாவுக்குப் பின் வாயிலில் ஸலாம் கேட்டது. கடையை அடைத்துவிட்டு மாணவர் வந்திருந்தார். “சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றவர், கைபேசி விளக்கை ஏந்திக் குந்தினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஸ்பேனர் இருக்கா ஹஜ்ரத்?” என்றார்.

பிரேக் தட்டில் ஒரு பள்ளம் உண்டு. முன் ஃபோர்க்கின் உட்புறத்தில் ஒரு முளை உண்டு. முளை பள்ளத்தில் அமர்ந்தால்தான், பிரேக் பிடிக்கும்போது தட்டு அசையாமல் நின்று சக்கரத்தை நிறுத்தும். என் கைவேலையில் முளை பள்ளத்திற்கு வெளியே நின்றது. “பிரேக்கை அழுத்துனா தட்டும் வீலோடயே சுத்தும். கம்பியைச் சுருட்டி இழுத்து, வீல் அப்படியே பூட்டிக்கும்” என்றார். எந்த இடத்தில், எந்த வேகத்தில் என்பதை அவர் சொல்லவில்லை. கூடத்தில் மறுநாளுக்கான புடவையை மடித்துக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

“தப்பு என்னுதுதான் ஹஜ்ரத். கழட்டுறதைச் சொன்னவன் இதையும் சொல்லியிருக்கணும்” என்றார் அவர். எனக்கு நா எழவில்லை. ஒரு பிள்ளைக்குப் பாடம் விளங்காதபோது, பிழை சொல்லிக்கொடுத்தவனிடம் இருக்கலாமென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

கழற்றி, பள்ளத்தைப் பொருத்தி, மாட்டி முடித்தார். கூலி வாங்க மறுத்தார். தேநீர் வரும்வரை திண்ணையில் அமர்ந்திருந்தோம். நான் ஒரு சாக்குக்கட்டியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் ‘கவல’ என்று அரபியில் எழுதினேன். “அந்த வாவு எங்கும் போகவில்லை. அதன் மேலும் ஃபத்ஹு, அதற்கு முன்னுள்ள எழுத்தின் மேலும் ஃபத்ஹு. ஆகவே அலிஃபாக மாறி, அதே இடத்திலேயே இருக்கிறது” என்றேன். குனிந்து பார்த்தார்.

“இவ்வளவுதானா?” என்றார்.

மறுநாள் ஏர்வாடிச் சாலையில் ஒரு வெள்ளாடு குறுக்கே பாய்ந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். காற்றுக்கு எதிரே வண்டி நேராக நின்றது. “என்ன ஆச்சு, ஏன் இவ்வளவு நேரம் நிக்கிறீங்க?” என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள். ஆடு எப்போதோ போய்விட்டிருந்தது.