வினைமுற்று வரும்வரை

"ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கும் லீவு லெட்டரை எழுதாமல் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குறைவு. முதலில் காய்ச்சல் வரும். பிறகு வகுப்புக்கு வர இயலாத நிலை வரும். அதற்குப் பிறகுதான் "கைண்ட்லி" என்ற பணிவோடு விடுப்பு வரும். ஆங்கில ஆசிரியனாகக் காலம் கழித்த எனக்கு அந்தக் கடிதத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு. சொற்கள் ஆங்கிலம், அதன் நடை முழுக்க நம் வீட்டு நடை. கடன் கேட்க வருகிறவர் எங்கள் பக்கத்தில் நேராகப் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார். மழை, வயல், மகள் கல்யாணம் எல்லாம் பேசி, காபி குடித்து, கிளம்பும் நேரத்தில்தான் "ஒரு விஷயம்..." என்று ஆரம்பிப்பார். காரணத்தைக் கேட்டு மனம் இளகிய பிறகே கோரிக்கையை வைப்பது இங்கே மரியாதை.

நம்முடைய வாக்கியமும் அப்படியே நடக்கிறது. "நேற்று மதியம் கடைத்தெருவில் உன் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்த அந்த உயரமான மனிதரை இன்று காலை பஸ்ஸில் பார்த்தேன்." கடைசிச் சொல் வரும்வரை அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. பார்த்தேனா, திட்டினேனா, பார்க்கவே இல்லையா? எல்லாவற்றையும் வினைமுற்று கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஆங்கிலக்காரர் "ஐ சா" என்று பார்த்ததை முதலிலேயே சொல்லிவிடுவார். அடுத்து மனிதர் வருவார். அவர் யாரோடு, எங்கே, எப்போது பேசினார் என்ற விவரமெல்லாம் அவருக்குப் பின்னால் வரிசையாக வரும். நாம் பெயருக்கு முன்னால் அடுக்குவதை அவர்கள் பெயருக்குப் பின்னால் அடுக்குகிறார்கள். இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல நினைக்கும் மாணவன் மொத்தத்தையும் மனதுக்குள் தலைகீழாகப் புரட்ட வேண்டும். எழுதும்போது அதற்கு அவகாசம் உண்டு. பேசும்போது கிடைப்பது ஒரு சில நொடிகள்தான். அந்த நொடிகளில் அவன் மௌனமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு இங்கிலீஷே வராது" என்று முடிவுகட்டி விடுகிறோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரென் அண்ட் மார்ட்டினைக் கரைத்துக் குடிப்பதே ஆசிரியத் தகுதி என்று நம்பினேன். அந்த வயதின் வேகத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் துறையில் ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். விடைத்தாளில் சிவப்பு மையே படவிடமாட்டார். பென்சிலால் மெல்லிய கோடு மட்டும் போடுவார். "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ" என்று ஒரு பையன் எழுதியிருந்ததைக் காட்டி, "இதை ஏன் இப்படி எழுதினான்னு யோசிச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். பிறகு அவரே விளக்கினார். தமிழில் "அவன் எங்கே இருக்கிறான்" என்ற கேள்வியை அப்படியே வைத்து, "என்று தெரியவில்லை" என்று வால் சேர்த்தால் போதும். உள்ளே இருக்கும் கேள்வி துளியும் மாறாது. பையனும் ஆங்கிலக் கேள்வியை மாற்றாமல் அப்படியே உள்ளே வைத்துவிட்டான். அவன் கணக்கில் அது சரி.

ஏறக்குறைய இதையே 1967இல் பிட் கார்டர் என்ற மொழியியலாளர் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னால் படித்தபோது தெரிந்துகொண்டேன். கற்பவரின் பிழை, அவர் மனதில் அந்த மொழியைப் பற்றி எந்த விதி உருவாகியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது என்றார் அவர். 1972இல் லாரி செலிங்கர், தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் நடுவில் கற்பவருக்கென்றே ஓர் இடைமொழி உண்டு, அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று எழுதினார். தாய்மொழியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 'வென்ட்' என்பதற்குப் பதிலாக 'கோ'வோடு 'எட்' சேர்த்துப் பேசுவது ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைக்கும் வழக்கம். விதியைக் கண்டுபிடித்தவர்கள்தான் அதைத் தவறான இடத்தில் பயன்படுத்துகிறார்கள்.

தாய்மொழி தடையாக இருக்கிறது என்றே பேசுகிறோம். அது கைகொடுக்கும் இடங்களும் உண்டு. 'தி' எங்கே வரும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தீராத குழப்பம். தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை, உண்மைதான். ஆனால் "புத்தகம் வாங்கினேன்" என்பதற்கும் "புத்தகத்தை வாங்கினேன்" என்பதற்கும் உள்ள வேறுபாடு பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது, நீயும் நானும் அறிந்த அந்தப் புத்தகம். அந்த 'ஐ' உருபை எடுத்துக் காட்டிப் பாடம் நடத்திய நாள்களில் வகுப்பு முகங்கள் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். உருபு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆரம்பிக்க அது போதும். இலக்கணப் புத்தகத்தின் முப்பது விதிகளில் ஆரம்பித்தால் யாரும் தேறமாட்டார்கள்.

வாக்கியத்தைச் சரிசெய்துவிடலாம். பேச்சின் மொத்த வடிவத்தைச் சரிசெய்ய வேண்டுமா என்பதில்தான் எனக்கு வெகுநாள் தயக்கம் இருந்தது. 1966இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்கப் பேராசிரியர், வெளிநாட்டு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒவ்வொரு பண்பாட்டின் சிந்தனைக்கும் ஒரு கோட்டுப்படம் வரைந்தார். ஆங்கிலேயருக்கு நேர்கோடு. கிழக்கத்தியருக்குச் சுருள். பிற்காலத்தில் அவரே அந்தப் படங்களின் அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்டார். எனக்கு அந்தச் சுருள் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. கடன் கேட்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பேசவில்லை. கேட்பவரின் மனதில் படிப்படியாக இடம் பிடித்துக்கொண்டே வருகிறார்.

யாழ்ப்பாணத்திலிருந்து போய் அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் சுரேஷ் கனகராஜா 2006இல் எழுதிய கட்டுரை இதற்கு எனக்கு நிறைவான பதிலைத் தந்தது. இலங்கைத் தமிழ் அறிஞர் ஒருவரின் மூன்று கட்டுரைகளை அவர் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்று உள்ளூர்த் தமிழ் வாசகருக்கு, ஒன்று உள்ளூர் ஆங்கில வாசகருக்கு, மற்றொன்று வெளிநாட்டு ஆய்விதழுக்கு எழுதியது. எழுதியவர் ஒருவரே. ஆனால் தொடங்கும் விதமும் வாசகரோடு பேசும் தொனியும் மூன்றிலும் வேறுவேறு. எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து அவரே வடிவத்தைத் தேர்ந்துகொள்கிறார். கோட்டில் போகவும் தெரியும், வளைந்து போகவும் தெரியும் என்ற நிலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவருவதுதான் நம் வேலை என்று அப்போது புரிந்தது.

ஓர் எம்.ஏ. வைவா நினைவுக்கு வருகிறது. ஆர்.கே. நாராயண் நாவல்களைப் பற்றி ப்ராஜெக்ட் செய்திருந்தாள் ஒரு பெண். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் அப்பாவின் டீக்கடையிலிருந்து ஆரம்பித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர்கள், அவர்களின் வம்புகள் என்று போனது பேச்சு. தேர்வாளர் இரண்டு முறை "கம் டு த பாயின்ட்" என்றார். ஒவ்வொரு முறையும் அவள் நூலை விட்டுவிட்டு மறுபடி அப்பாவிடம் போனாள். "சார், அந்தப் பொண்ணு முடிக்கட்டுமே" என்று மெல்லச் சொன்னேன். அவரும் நல்ல மனிதர், பேனாவை மூடிவைத்தார். அவள் முடித்தாள். எங்கள் கடை பெஞ்சில் பேசுகிறவர்களை ஆங்கிலத்தில் பேசக் கேட்டது நாராயணின் கற்பனை ஊரான மால்குடியில்தான், அந்த மொழி எனக்கும் சொந்தமாகலாம் என்று அப்போதுதான் தோன்றியது என்றாள். அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட பதில்களில் அதுதான் சிறந்தது. வினைமுற்று கடைசியில் இருந்தது, அவ்வளவுதான்.

பேச்சில் சொல் வரிசையைத் தவிர குரலும் இருக்கிறது. ஜான் கம்பர்ஸ் என்ற அறிஞர் பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் நடந்ததை எழுதியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுசிடுக்கிறார்கள் என்று புகார். அவர்கள் பேசியதே சொற்பம். இறைச்சி வாங்குகிறவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க உள்ளூர்ப் பெண்கள் "கிரேவி?" என்று குரலை ஏற்றிச் சொல்வார்கள். இவர்கள் குரலை இறக்கி "கிரேவி" என்பார்கள். அது "இந்தா, கிரேவி" என்பதுபோல விழுந்தது. பதிவுசெய்த குரல்களை இரு தரப்பும் சேர்ந்து கேட்ட பிறகுதான், அந்த இறங்கும் குரலும் கேள்விதான் என்று மேலதிகாரிகளுக்குப் புரிந்தது. பெண்களுக்கும் அதுவரை எதிரில் இருந்தவர்கள் முகம் சுளித்த காரணம் விளங்கியது. நம் தமிழிலும் "குழம்பு வேணுமா" என்பதில் அந்த 'ஆ' ஓசையே கேள்வியைச் சுமந்துகொள்கிறது. குரல் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே ஒரு சொல், அதன் சுருதி. அதற்காக எத்தனை பேர் திமிர் பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு, எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் வேலைக்கான ஆங்கிலம் பழக மாலையில் வருகிறார்கள். முதலில் அவர்கள் போக்கிலேயே முழுதும் பேசவிடுகிறேன், குறுக்கே வருவதில்லை. பிறகு, "இதுல எந்த வாக்கியம் போனா மொத்தமும் போயிடும்?" என்று கேட்கிறேன். அந்த வாக்கியத்தைத் தலைக்குக் கொண்டுவந்து மறுபடி சொல்லச் சொல்கிறேன்.

வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ் ஒருத்திக்கு இது உயிர்ப் பிரச்சினை. இரவில் டாக்டருக்கு ஃபோன் செய்யும்போது எதை முதலில் சொல்வது என்பதற்கு மருத்துவமனைகளில் எஸ்பிஏஆர் என்று ஒரு முறை உண்டு: இப்போதைய நிலை, பின்னணி, தன் கணிப்பு, என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை. அவள் நோயாளி அட்மிட் ஆன நாளிலிருந்து ஆரம்பித்தாள். ரத்த அழுத்தம் சரிந்த செய்தி கடைசியில் வந்தது. ஏன் மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, "பேஷன்ட் வீட்டுக்காரங்ககிட்டயும் இப்படித்தான் சொல்லணுமா சார்?" என்றாள்.

"வேண்டாம்மா. அவங்களை உட்காரவச்சு, உனக்கு வர்ற மாதிரி முதல்லேருந்து சொல்லு. டாக்டருக்கு மட்டும் இதை மாத்தி எழுது" என்றேன்.

எழுதிக் காட்டினாள். 'தி' இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. ரத்த அழுத்தம் முதல் வரியில் இருந்தது.