பன்பாயில் ஒரு யுத்தம்

போன மாதம் கல்முனையில் பழைய சாமான் விற்கிற கடையொன்றில் ஒரு பால்மா டின் வாங்கினேன். உள்ளே முழுக்க பிளாஸ்டிக் ஆமிக்காரர்கள். 400 ரூபாய். வீட்டில் கொட்டி எண்ணிப் பார்த்தால் 46 பேர். எட்டுப் பேருக்குக் காலோ அடித்தட்டோ இல்லை, நிற்க மாட்டார்கள். மிச்சம் 38 பேரில் பச்சை 21, மண்ணிறம் 17. இரண்டு பச்சைக்காரரின் இடுப்பில் நூல் கட்டி மற்றப் பக்கம் சேர்த்தோம். பக்கத்துக்குப் 19 பேர்.

"இதென்ன மனே, ஊட்டுக்குள்ள ஆமிக்காரனக் கூட்டி வந்திரிக்காய்?" என்றா உம்மா. பகிடி போலத்தான் சொன்னா. ஆனால் சிரிக்கவில்லை.

பொம்மை வாங்கியதற்குக் காரணம் ஒரு புத்தகம். 'டைம் மெஷின்' எழுதிய எச். ஜி. வெல்ஸ், 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்றொரு சிறு நூல் எழுதியிருக்கிறார். பொம்மைப் படையை வைத்துத் தரையில் யுத்தம் விளையாடுவதற்கான விதிகள். காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. யுத்த விளையாட்டு அவர் கண்டுபிடித்ததல்ல. சதுரங்கமே ஒரு படைதான். 1824இல் பிரஷ்ய இராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வரைபடம், தாயக்கட்டை, நடுவர் எல்லாம் வைத்து அதிகாரிகளைப் பழக்க ஒரு விளையாட்டுச் செய்தார். வெல்ஸ் செய்தது, அதைச் சின்னப் பிள்ளைகளும் விளையாடக்கூடியதாக ஆக்கியது. 12 வயதிலிருந்து 150 வயது வரை விளையாடலாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார். பையன்களின் விளையாட்டை விரும்புகிற புத்திசாலிப் பெண்பிள்ளைகளும் ஆடலாமாம். இதை வாசித்துக் காட்டியதும் ராத்தாவின் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குச் சரியாக 12 வயது. அவள்தான் என் எதிரி.

விதிகள் லேசானவை. காலாள் ஒரு முறைக்கு ஒரு அடி போகலாம், குதிரைக்காரன் இரண்டு அடி. பீரங்கிக்குப் பக்கத்தில் நாலு பேராவது நின்றால்தான் சுடலாம். இரண்டு கூட்டம் முட்டிக்கொண்டால் ஒன்றுக்கு ஒன்று சாவு. தனியே மாட்டிய சிறு கூட்டத்தைப் பெரிய கூட்டம் சிறைபிடிக்கலாம். வெல்ஸ் மரக்குச்சியைச் சுடுகிற ஸ்பிரிங் பீரங்கி வைத்திருந்தார். எங்களிடம் அது இல்லை. நெருப்புப் பெட்டிதான் பீரங்கி, புளியங்கொட்டைதான் குண்டு. கெரம் அடிக்கிற மாதிரி விரலால் சுண்ட வேண்டும். விழுந்தவன் மௌத்து. குதிரை கிடையாது. எங்கட யுத்தகளம் உம்மாவின் பன்பாய், ஆகவே ஒரு அடியை ஆறு அங்குலமாகக் குறைத்து, பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தோம். சவர்க்காரப் பெட்டியும் தேயிலைப் பெட்டியுமாக நாலு வீடு.

முதல் விளையாட்டு இருபது நிமிடத்தில் முடிந்தது. ஆறு பேரை அனுப்பினேன், அவளும் ஆறு பேரை அனுப்பினாள். முட்டினார்கள். பன்னிரண்டு பேரும் டின்னுக்குள் போனார்கள். அவள் கொஞ்ச நேரம் வெறும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப என்னத்துக்கு மாமா போற?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு இரட்டிப்பு ஆள் சேராமல் அவள் ஒருவனையும் முன்னுக்கு அனுப்பவில்லை. நான் தோற்றேன்.

இரண்டாவது ஆட்டத்தில் உம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. என் குண்டு பட்டுத் தேயிலைப் பெட்டி சரிந்து கிடந்தது. "இந்த ஊட்டுச் சனமெல்லாம் எங்க?" என்று கேட்டா.

சனம் இல்லை. வெல்ஸின் விதிகளில் வீடு என்பது ஆமி ஒளிவதற்கு ஒரு மறைப்பு, அவ்வளவுதான். நானும் யோசிக்கவில்லை. 1990இல் இந்தக் கரையில் தமிழர், முஸ்லிம் என்று இரண்டு பக்கமும் வீட்டை விட்டு ஓடிய சனம்தான். உம்மாவுக்கு அப்போது 17 வயது. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்க, பானையை இறக்காமலேயே ஓடியதாக முன்பு ஒருநாள் சொல்லியிருக்கிறா. அதற்கு மேல் சொன்னதில்லை.

உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து 16 பட்டன் எடுத்தோம். வீட்டுக்கு நாலு. விதியையும் எழுதினோம்: ஒரு முறையில் படையை நகர்த்தலாம், அல்லது பட்டன்களை மூன்று அங்குலம் நகர்த்தலாம். வயதானவர்களும் இருப்பார்கள் என்பதால் மூன்றுதான். பாயின் கரையைத் தாண்டினால் தப்பிவிட்டார்கள். உங்கள் குண்டு பட்டனில் பட்டால் உங்கள் பீரங்கி இரண்டு முறைக்குச் சுடாது.

நல்ல விதி என்று நினைத்தேன். மூன்றாவது ஆட்டத்தில் மருமகள் தன் பீரங்கியைச் சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். முன்னால் நாலு பட்டன். அவற்றை அவள் நகர்த்தவே இல்லை. நான் சுட மாட்டேன் என்று தெரியும். அங்கிருந்து என் ஆட்களை ஒவ்வொருவராக விழுத்தினாள். விதியை எங்கும் மீறவில்லை.

உம்மா கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "அப்பிடித்தான் செஞ்சாங்க" என்றா. யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருமகளின் முகம் மாறிப்போனது. "நான் சும்மா வெல்லத்தான் உம்மும்மா" என்றாள்.

வெல்ஸ் புத்தகத்தின் கடைசியில், உண்மையான யுத்தம் எவ்வளவு மடத்தனம் என்று இந்த விளையாட்டை விளையாடிப் பார்த்தாலே விளங்கும் என்ற பொருளில் எழுதுகிறார். அடுத்த வருடமே, 1914இல், முதலாம் உலக யுத்தம் தொடங்கிவிட்டது. விளையாட்டு யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் ஒன்று எனக்கு விளங்கியது. விதியில் எழுதாத சனம் பாயில் இல்லை. எழுதிய பிறகு, வெல்ல நினைப்பவருக்கு அவர்களும் ஒரு மறைப்பு. 12 வயதுப் பிள்ளைக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அவள் கெட்ட பிள்ளையல்ல. வெல்ல வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தாள்.

அன்றிரவு கொப்பியில் இன்னொரு விதி சேர்த்தாள், அவளே தன் கையெழுத்தில்: பட்டனுக்கு ஆறு அங்குலத்துக்குள் நிற்கிற பீரங்கி சுடக்கூடாது. இதையும் யாராவது ஏமாற்றுவார்கள். அப்போது இன்னொன்று எழுத வேண்டும்.

உங்களிடமும் பழைய பொம்மை ஆமி கிடந்தால் விளையாடிப் பாருங்கள். வெல்ஸின் விதி போதும், பட்டனை மட்டும் மறக்க வேண்டாம். எங்களுக்கு அடுத்த ஆட்டம் போயா லீவுக்கு. பட்டன்களைத் திருப்பிக் கொடுத்தபோது உம்மா ஒவ்வொன்றாக எண்ணித்தான் பெட்டிக்குள் போட்டா. பதினாறும் இருந்தது.