பார்க்ஸ் போனிஃபேயின் கைகள்

மார்ச் 3

படகு இழுக்கிறது, பலகையில் நிற்கிறார்கள், இதில் என்ன பெரிய வித்தை என்று வேக்போர்டிங்கைப் பற்றிக் கேட்பவர்களிடம் பார்க்ஸ் போனிஃபேயின் பெயரைத்தான் சொல்வேன். 1981-இல் ஃப்ளோரிடாவில், நீர்ச்சறுக்கே மூச்சாக இருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆறு மாதம் 29 நாள் குழந்தையாக இருக்கும்போதே சைப்ரஸ் கார்டன்ஸ் பூங்காவில் நீரில் சறுக்கி, கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். அதைக் குழந்தையின் சாதனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பெற்றவர்களின் துணிச்சல். அவருடைய சொந்தச் சாதனை 14 வயதில் வந்தது. 1996-இல் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் வேக்போர்டிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, தங்கம் வென்றவர் இந்தச் சிறுவன்தான்.

மார்ச் 5

இன்று முழுக்க 1080 பற்றியே யோசனை. காற்றில் மூன்று முழுச்சுற்று. அதைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் நிலையாக இறங்கிய முதல் ஆள் போனிஃபே, ஆண்டு 1999. எக்ஸ் கேம்ஸில் இரண்டாவது தங்கமும் அதே ஆண்டில்தான்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் இதன் கஷ்டம் புரிகிறது. அலை உயரமாக எழும்ப வேண்டும் என்பதற்காகப் படகுக்குள் தண்ணீர் மூட்டைகளை நிரப்பிக் கனம் ஏற்றுகிறார்கள். படகு மணிக்கு 35 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போகிறது. வீரர் பக்கவாட்டில் விலகிப் போய், பலகையின் விளிம்பால் நீரைக் கிழித்துக்கொண்டு அலையை நோக்கி வருகிறார். கயிறு விறைத்து நிற்கிறது. அலையின் உச்சியில் முழங்காலை நிமிர்த்தினால் ஆள் மேலே போய்விடுகிறார். அதற்குப் பிறகு எல்லாம் கையில்தான். கைப்பிடியை இடுப்போடு ஒட்டி இழுத்து, ஒரு கையை விட்டு, முதுகுக்குப் பின்னால் மறுகைக்கு மாற்ற வேண்டும். சுழலச் சுழல மறுபடியும் மாற்ற வேண்டும். கைப்பிடி இடுப்பை விட்டு ஒரு முழம் விலகினாலும் படகு அதைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

மார்ச் 6

2005-க்குப் பிறகு எக்ஸ் கேம்ஸ் வேக்போர்டிங்கைக் கைவிட்டது. 2020 ஒலிம்பிக்கில் சேர்ப்பதற்கான பரிசீலனைப் பட்டியலில் இருந்தும் இடம் கிடைக்கவில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

மார்ச் 9

எக்ஸ் கேம்ஸ் பதக்கத்தை மட்டும் எண்ணினால் நான்கு தங்கம் வென்ற டேனி ஹார்ஃப்தான் முன்னால் நிற்கிறார். ஆனாலும் என் ஓட்டு போனிஃபேக்கே. எக்ஸ் கேம்ஸ் என்ற தொலைக்காட்சி மேடை போன பிறகும் அவர் வேக்போர்டிங் படங்களில் புதுப்புது வித்தைகளைச் செய்துகாட்டினார். படகு திரும்பிவந்து தன் அலையையே கடக்கும்போது இரண்டு அலைகள் மோதி ஒன்றாகி எழும். அதற்கு டபுள்-அப் என்று பெயர். அதில் பாய்வதையே மையமாக வைத்துப் போட்டியும் நடத்தினார். இருக்கிற எல்லையைத் தள்ளிவைத்தவரைத்தான் நான் சாம்பியன் என்பேன்.

அவருடைய வீடியோ கிடைத்தால் பலகையைப் பார்க்காதீர்கள். முதலில் கைகளைப் பாருங்கள்.