பெரியவர் கொடுத்த கத்தி

மார்கழி 22, கொடைக்கானல்

பழனி அடிவாரத்தில் நாற்பது ஆண்டுகள் பக்தர்களுக்கு முடியிறக்கும் கைங்கரியத்தைச் செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், தம் தகப்பனார் காலத்து ஸோலிங்கன் சவரக்கத்தியைப் பழந்துணியில் சுற்றி, "எங்க தொழிலுக்கு இனி இது ஆகாது, நீங்களாவது வச்சுப் பழகுங்க தம்பி" என்று என் கையில் கொடுத்தார். ஒருவர் இரத்தம் பட்ட கத்தி இன்னொருவர் தோலில் பட்டால் மஞ்சட்காமாலைக் கிருமி முதலியவை தொற்றும் அபாயம் உண்டாதலால், முடியிறக்கும் இடத்தில் தலைக்கொரு புது பிளேடு என்பதுதான் நியாயம். தன் ஒரு முகத்துக்கென்றே கத்தி வைத்துக்கொள்கிறவனுக்கு அந்தத் தடை இல்லை.

மார்கழி 25

மண்ணெண்ணெயில் நனைத்த நைஸ் உப்புத்தாளால் இரண்டு நாள் துரு தேய்த்தேன். முதுகோரத்தில் அம்மைத் தழும்புபோல் சில குழிகள் எஞ்சின; அவை சவரத்துக்கு இடைஞ்சல் செய்யாதவை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். சாணைச் சக்கரத்தில் கொடுக்க மட்டும் மனம் துணியவில்லை. முன்பொருமுறை ஒரு சாணைக்காரரிடம் கொடுத்த என் பேனாக்கத்தி, பொறி பறந்த சூட்டில் நுனி நீலம் பாய்ந்து, பதம் கெட்டுத் திரும்பியது.

தை 3

கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி கிடத்தினால், தீட்டவேண்டிய சாய்வு தானே அமைந்துவிடுகிறது. அந்தச் சாய்வை முதுகின் பருமனிலேயே வைத்துச் செய்தவனுடைய சூட்சுமத்தை எண்ணி, நனைந்த கல்லின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். லண்டனில் கத்தித்தொழில் நடத்திய ஜேம்ஸ் ஸ்டோடார்ட், நம் நாட்டு ஊட்ஸ் உருக்கை ஐரோப்பிய எஃகினும் மேலாக மதித்ததும், மைக்கேல் ஃபாரடேயுடன் கூடி எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-ல் கட்டுரை வெளியிட்டதும் சரித்திரம். எஃகுக்கு அவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்க, அதைத் தினந்தோறும் பதமாக வைத்திருந்த நாவிதர் கையைப் பற்றி விஸ்தாரமாக எழுதியவர் எவரையும் நான் படித்ததில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

தை 9

முதல் சவரம். வலக் கன்னம் சுகமாக வந்தது. தாடையில் அழுத்திவிட்டேன், படிக்காரம் வைக்கவேண்டியதாயிற்று. இந்த ஊர் ஈரத்தில் ஓர் இரவிலேயே துரு பூக்கும் என்று துடைத்து எண்ணெய் பூசப் போனால், தேங்காயெண்ணெய் சீசாவுக்குள் மெழுகாய் உறைந்திருந்தது. தையல் இயந்திர எண்ணெய்தான் கைகொடுத்தது.

மாசி 2, பழனி

பூசக் கூட்டம் கலைந்ததும், பெருமாள்மலை வழியாக இறங்கும் பஸ்ஸில் வந்து பெரியவரைப் பார்த்தேன். கத்தியை வாங்கிப் பெருவிரல் நகத்தின்மேல், பாரம் கொடுக்காமல், அடியிலிருந்து நுனிவரை நகர்த்தினார். பார்வை கத்தியில் இல்லை, எங்கோ தெருவில் இருந்தது.

"வாய் வந்திருச்சு. நடுவுல ஒரு அரிசி அகலம் மட்டும் நிக்குது, தம்பி."

நானும் என் நகத்தில் வைத்துப் பார்த்தேன்; எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. அவர் இடது உள்ளங்கையை விரித்தார். காய்த்து மினுங்கும் அந்தத் தோலின்மேல், முதுகு முன்னே போக வாய் பின்னே வர, ஒவ்வொரு முறையும் முதுகின்மேலேயே புரட்டி, இருபது தடவை போல மெல்ல இழுத்தார். "இப்ப பாருங்க" என்று நீட்டினார்.