தண்ணீரின் பாத்தியதை

ஏப்ரல் 20, 2025

தென்காசிப் பக்கம் வடகரையில் தம்பி விலை பேசி வைத்திருக்கும் வீட்டுக்கு முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று. சுத்தம். தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் வக்கீலிடம் இருக்கின்றன. "அக்கா, தண்ணி நிக்குற இடமான்னு மட்டும் ஒருக்கா போய்ப் பாத்துரு, மிச்சமெல்லாம் சரியா இருக்கு" என்று ஷார்ஜாவிலிருந்து பேசினான்.

அவன் பயத்துக்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஏப்ரல் 16-ல் அமீரகத்தில் கொட்டிய மழையை நேரில் பார்த்தவன். 1949-ல் மழைக்கணக்கு எழுத ஆரம்பித்ததிலிருந்து அங்கே அப்படிப் பெய்ததில்லை. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். அவன் தெருவில் தண்ணீர் வடியப் பல நாள் பிடித்தது. பாலைவனத்துக்கே அந்தக் கதி என்றால் மலையடிவாரத்துக்கு?

வில்லங்கச் சான்றைப் புரட்டும்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் பின்னால் போனால் 1995-ல் நின்றுவிடுகிறது. நெல்லைச் சீமையைப் புரட்டிப் போட்ட வெள்ளம் 1992 நவம்பரில் வந்தது. அப்படியே நாற்பது வருஷத்துக்குப் போட்டாலும், யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார், எங்கே அடமானம் வைத்தார் என்பதுதான் அதில் வரும். அந்த மனையில் தண்ணீருக்கு இருக்கும் பாத்தியதையை எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கேட்பது?

ஏப்ரல் 23

வடகரை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. நம் ஊரில் வீடு பார்க்கிறவர்கள் எல்லாம் சித்திரையிலும் வைகாசியிலும்தான் பார்க்கிறார்கள். காய்ந்து கிடக்கும் மண்ணைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

"டீச்சர், இது மேட்டுப் பூமி. வடகரையில எங்க தண்ணி நிக்கும்? பெய்ஞ்ச உடனே கிழக்காம ஓடிரும்லா" என்றார் தரகர். அவர் சொன்னதில் பொய் இல்லை. மேற்கே மலை, கிழக்கே சரிவு. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் வந்து நாள்கணக்கில் நின்றதே, அந்த மாதிரி இங்கே நிற்காது. இங்கே வேகமாக வரும், முட்டும், சகதியைக் கொட்டிவிட்டுப் போகும். ஆகவே நிற்குமா என்று கேட்டுப் பயனில்லை, எந்த வழியாக ஓடும் என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. போன வருஷம் மே 17, கத்திரி நாள். பழைய குற்றாலத்தில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து வெள்ளம் இறங்கி, திருநெல்வேலிப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. வயது பதினேழு. வடகரைக்கு மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை, 132 அடி. அது நிரம்பினால் உபரி அனுமன் நதியில்தான் வரும்; வந்து வீரகேரளம்புதூர் பக்கம் சிற்றாற்றில் சேரும். இந்த வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அந்த மலையில் பெய்தால் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும்.

வீடு அழகாக இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. முன்னறையில் மட்டும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயிண்ட் ஒரு சாயல் புதுசு. பக்கத்து வீட்டு காம்பவுண்டுச் சுவரில் கீழ்வரிசைச் செங்கல்லை இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டதற்குக் "காத்தோட்டத்துக்கு" என்றார் தரகர். முழங்காலுக்குக் கீழே காற்றோட்டம்! கீழ்ப்பக்கக் காலி மனையில் இந்த வெயிலிலும் கோரை பச்சையாக நிற்கிறது.

ஏப்ரல் 24

விற்கிறவரிடமும் தரகரிடமும் கேட்காமல் பால்காரரிடம் கேட்டேன். அவர்தான் எல்லா மழையிலும் எல்லா வாசலுக்கும் போகிறவர். "அந்தத் தெருவுக்கு மழை நேரம் வண்டி போகாது டீச்சர், கேனைத் தலையில வச்சுட்டு நடந்துதான் போவேன்" என்று சொல்லிவிட்டு, ஊர்க் குளத்துக்கு ஒரு காலத்தில் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவரைக் காட்டினார்.

எண்பதுக்கு மேல் இருக்கும். வீட்டை அடையாளம் சொன்னதும் சிரித்தார். "அது மறுகால் ஓடைக்க ஓரம்லா தாயி. குளம் பெருகிட்டுன்னா மறுகால் அந்தாலதான் போவும். நான் இருக்கும்போது கார், பிசானம் ரெண்டு பூவும் வெளஞ்ச வயல் அது." போன கார்த்திகைக் கடைசி மழைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டேன். டிசம்பர் 13-ல் குற்றாலத்தில் மெயின் அருவி வெறிபிடித்து ஓடியதே, அந்த மழை. உட்கார்ந்தபடியே தொடையில் கையை வைத்துக் காட்டினார்.

"தொண்ணித்திரெண்டுல?"

"அன்னைக்கு அங்க வீடே கெடையாதே, யாரு அளந்தா?"

ஏப்ரல் 28

சர்வே எண்ணைக் கொடுத்தால் வருவாய்த் துறை இணையதளத்தில் புலப்படமும் அ-பதிவேடும் வந்துவிடுகின்றன. காசு கிடையாது. பட்டாவையும் சிட்டாவையும் எடுக்கிறவர்கள் இந்த இரண்டையும் ஏனோ எடுப்பதில்லை. நான் எடுத்தேன். அ-பதிவேட்டில் நம் மனை நஞ்சை. அதை ஒட்டிய எண்ணுக்கு நேரே புறம்போக்கு, ஓடை என்றிருக்கிறது. ஆக, தண்ணீருக்கும் ஒரு சர்வே எண் இருக்கத்தான் செய்கிறது. புலப்படத்தில் ஓடையின் அகலம் பதினொரு மீட்டர்.

சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். தரையில் அந்த ஓடை மூன்றடி சிமெண்ட் வாறுகாலாகச் சுருங்கியிருக்கிறது. ரோட்டுக்கு அடியில் இரண்டு குழாய் வைத்த பாலம். ஒன்றை பாலித்தீனும் தென்னமட்டையும் அடைத்திருக்கின்றன. மிச்ச அகலம் எங்கே போயிற்று என்று சர்வேயர் வந்து கல் பிடித்தால்தான் தெரியும். வீட்டின் கீழ்ப்பக்கச் சுவர் அதற்குள் வந்தாலும் ஆச்சரியமில்லை. வந்தால், 2007-ல் போட்ட ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின் முன்னால் வீட்டு வரி ரசீது நிற்காது.

மே 3

தெரிந்த கொத்தனாரை டியூப் லெவலோடு கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிபோலத் தெரியும் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ரோட்டிலும் மறுமுனையை முற்றத்திலும் பிடித்தால் வேலை முடிந்தது. முற்றத்தைவிட ரோடு பதினைந்து அங்குலம் உயரம். வீட்டுப் பேஸ்மென்ட் இரண்டடி. கழித்தால், தெருவுக்கு மேலே வெறும் ஒன்பது அங்குலத்தில் இருக்கிறது வீட்டுத் தரை. வீடு தாழவில்லை, ரோடுதான் ஏறியிருக்கிறது. ஓரத்தில் மூன்று அடுக்கு எண்ணலாம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். இந்த அடுக்கெல்லாம் அதற்கு முந்தியவை என்றார் கொத்தனார். பெரியவர் தொடையில் காட்டிய உயரம் முற்றத்துக்கு என்று வைத்தால், தண்ணீர் வாசற்படி தாண்டித்தான் இருக்க வேண்டும். புதுப் பெயிண்ட் சும்மா அடித்ததில்லை.

மே 5

தம்பியோடு ரொம்ப நேரம் பேச்சு. "நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர வெள்ளத்துக்குப் பயந்தா வீடே வாங்க முடியாதுக்கா" என்றான். நூறு வருஷ வெள்ளம் என்றால் ஒரு தடவை வந்துவிட்டு நூறு வருஷம் லீவு போட்டுவிடும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. அவன் போடப்போகும் இருபது வருஷக் கடனுக்குள் அது ஒரு தடவையாவது வர நூற்றுக்குப் பதினெட்டு. அதுவும் நூறு வருஷ வெள்ளத்துக்கு. மறுகால் பாயக் குளம் நிறைந்தால் போதும்.

இங்கிலாந்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அந்த இடத்துக்கு ஆற்று வெள்ள அபாயம் எவ்வளவு, மழைநீர் அபாயம் எவ்வளவு என்று அரசே காட்டுகிறது. ஜப்பானில் 2020 ஆகஸ்டிலிருந்து, ஒப்பந்தத்துக்கு முன்பே வெள்ள வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்று தரகர் சொல்லியாக வேண்டும். நம் தரகர் செங்கல் இடைவெளிக்குக் காற்றோட்டம் சொல்கிறார்.

"இன்சூரன்ஸ் போட்டுருவோம்" என்றான் கடைசியில். போடலாம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி வெள்ளத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறது. ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கப் போவது அவனல்ல, அம்மா. முட்டுவலியோடு ராத்திரி இரண்டு மணிக்கு அவளை எங்கே ஏற்றுவது? மாடியே இல்லை. அதற்கு அவனிடம் பதில் இல்லை.

மே 11

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுக்கொள்வோம், கார்த்திகை கழிந்து கிரயம் என்று கேட்டுப் பார்த்தோம். ஒரு அடைமழையைப் பார்த்துவிடலாமே. விற்கிறவர் ஒப்பவில்லை. மூன்று லட்சம் குறைக்கிறேன், தரையை உயர்த்திக்கொள்ளுங்கள் என்றார். தரையை உயர்த்தினால் நிலைவாசலில் குனிந்து போக வேண்டும். சென்னையில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். நாமும் அப்படித் தூக்கினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர் நம்மைச் சும்மா விடுவாரா? தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். என்னோடு சரியாகப் பேசவில்லை.

மே 27

பருவமழை 24-ம் தேதியே கேரளத்துக்கு வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு முந்தி வந்ததில்லை. தென்காசியில் சாரல்.

அந்த வீடு விற்றுவிட்டது. வாங்கியவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், என்னிடம் படித்த பெண்ணின் அப்பா. சொல்லாமல் போக மனசில்லை, சொன்னேன். "வாஸ்து பாத்துட்டுதான் வாங்குனேன் டீச்சர். மேக்கே ஒசரம், வடகிழக்கு பள்ளம். இப்படி அமையாதுன்னு சொன்னாரு" என்றார். மேற்கே மலையை வைத்துக்கொண்டு கிழக்கே சரியும் ஊரில் எந்த மனைக்குத்தான் அப்படி அமையாது? வடகரை முழுக்கவே வாஸ்துப்படிதான் இருக்கிறது.

புலப்படத்தின் நகல் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். ஓடை எண்ணில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தக் குழாய்ப் பாலத்த யாரு டீச்சர் தூர்வாரணும்?" என்று கேட்டார். பேரூராட்சியா, நீர்வளத் துறையா என்பது ரோடு யாருடையது, ஓடை யாருடையது என்பதைப் பொறுத்தது. இரண்டு இடத்துக்கும் மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசிலும் ஒன்று கொடுப்போம், சர்வேயர் அளக்கவும் அதிலேயே கேட்போம் என்றேன். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மனுவை நானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தம்பிக்குப் பண்பொழிப் பக்கம் வேறொரு வீடு வந்திருக்கிறதாம். சர்வே எண்ணை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.